மாப்பிள்ளை கழற்றிய சில்லு

கல்யாணமாகி ஐந்து மாதமாகியும் இன்ஷாப்பை அந்த வீட்டில் ஒரு தண்ணீர்க் கோப்பையைக்கூடத் தானாக எடுக்க விடவில்லை. ஊர் வழக்கப்படி அவன் மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு, மனைவி றிபாவுக்கு அவள் உம்மா எழுதிக் கொடுத்த வீட்டுக்கு வந்திருந்தான். மாப்பிள்ளை என்றால் கதிரையில் இருக்க வேண்டும். வேண்டியது தேடி வரும். மாமியார் மர்ஷூதா அவனோடு நேரே கதைப்பதுமில்லை. அறைவாசல் திரைக்குப் பின்னால் நின்று, "மகள், அவருக்குக் கறி வேணுமா கேளுங்க" என்பாள். மூன்றடி தள்ளியிருக்கும் அவன், போதுமாம் என்று சொல்லச் சொல்வான். நடுவில் நின்ற றிபாவுக்குத்தான் வாய் வலித்தது.

போன கிழமை அவன் மருதமுனையில் ஒரு வாடகை வீடு பார்த்துவிட்டு வந்தான். வீட்டுக்காரர் ஸிராஜ் சனிக்கிழமை பின்னேர அஸர் தொழுகைக்குள் முடிவு கேட்டிருந்தார்.

"இங்க நான் விருந்தாளி, றிபா. விருந்தாளி எத்தின நாளைக்கு இருப்பான்?"

றிபாவுக்கோ, வாப்பா மவுத்தான பிறகு தனியாகிப்போன உம்மாவை விட்டுப் போகவும் மனமில்லை, அவனைப் போகாதே என்று சொல்லவும் வாயில்லை. உம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். உம்மா அரிசி கழுவப் போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை காலைதான் அவன் காரில் கை வைத்தான். வாப்பாவின் பழைய கார். றிபா அதில்தான் வரிப்பத்தான்சேனைக்குப் படிப்பிக்கப் போய் வருகிறாள். கொஞ்ச நாளாகப் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் கையில் நடுங்கியது. முன் பிரேக் டிஸ்க் இரண்டும் தேய்ந்து போயிருந்தன. என் மூத்த காக்காவின் வேனுக்கு இரண்டு தரம் மாற்றியிருக்கிறேன், கராஜ் தேவையில்லை என்று புது டிஸ்க்கும் பேடும் வாங்கி வந்து, வாசல் சீமெந்துத் தரையில் காரை நிறுத்தினான்.

திரை அசைந்தது. "மகள், மாப்பிள்ளை றோட்டுக்கு முன்னால சாரனோட குந்தி இருந்தா ஊர் என்ன சொல்லும்? செய்யத்தான் வேணுமெண்டா பின்வளவுக்குப் போகச் சொல்லுங்க."

பின்வளவு முழுக்கக் கடல் மணல். இன்ஷாப் ஏதோ சொல்ல வாயெடுத்தான். உம்மா சம்மதித்ததே பெரிது என்றிருந்த றிபா, கண்ணால் கெஞ்சினாள். அவன் காரைப் பின்னால் கொண்டுபோனான்.

ஜாக்கின் கீழே ஒரு பலகை போட்டான். இடது முன்சில்லைக் கழற்றி, டிஸ்க்கைக் கவ்வியிருந்த கலிப்பரை எடுத்துக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டான். டிஸ்க்தான் அசையவில்லை. உப்புக் காற்றுக்குத் துரு ஏறி ஒட்டிப்போயிருந்தது. சுத்தியலால் தட்டத் தட்ட, ஒவ்வொரு அடிக்கும் பலகை ஒரு பக்கமாக மணலில் இறங்கியது. ஒரு கை டிஸ்க்கின் பின்னால் இருக்க, பலகை சரிவதை அவன் கவனிக்கவில்லை. உள்பக்கத்துக்கு டோர்ச் பிடித்துக்கொண்டு நின்ற றிபாவும் கவனிக்கவில்லை.

"மகன், கைய எடுங்க!"

குரல் குசினிக் கதவிலிருந்து வந்தது. அவன் கையை இழுத்ததும் ஜாக் சரிந்தது. கார் முனகிக்கொண்டு இறங்கி, டிஸ்க் பாதி மணலில் புதைந்தது.

மர்ஷூதா முந்தானை நழுவியதும் தெரியாமல் மணலில் வெறுங்காலோடு வந்து நின்றாள். "மணல்ல தூக்கலாமா? படிச்ச ஆள்தானே நீங்க."

"பின்னுக்குப் போகச் சொன்னது நீங்கதானே, மாமி."

றிபா பழக்கத்தில் நடுவில் போய் நின்றாள். முதன்முதலாக நேரே கதைக்கிறார்கள், அதுவும் சண்டையாக.

"எனக்குக் காரப் பத்தி என்ன தெரியும்? மணல் சரிவராதெண்டு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"யாருக்கிட்டச் சொல்றது? திரைக்கிட்டயா?"

மர்ஷூதா முந்தானையை இழுத்துப் போட்டாள். சிரிப்பை அடக்குகிறாளா, கோபத்தை அடக்குகிறாளா என்று மகளுக்கே தெரியவில்லை. பிறகு கிணற்றடியைக் காட்டி, உடுப்புக் கழுவும் கல்லைக் கொண்டுவரச் சொன்னாள். சொன்னது அவனிடம்.

கார் தாழ்ந்துவிட்டதால் ஜாக்கை நுழைக்க இடமில்லை. மூன்று பேருமாக மணலைக் கையால் தோண்டிக் கல்லைப் பதித்தார்கள். அதன்மேல் கார் அசையாமல் எழும்பியது. பழைய டிஸ்க் கழன்றது. புதியதைத் துடைத்துப் போட்டு, பேடும் கலிப்பரும் சில்லும் பூட்டி இறக்கினான். றிபா ஏறிப் பிரேக்கை மிதித்தபோது பெடல் காரின் அடித்தட்டுவரை போனது. பயந்து அவனைப் பார்த்தாள். புதுப் பேட் பதியும்வரை அப்படித்தான், இறுகும்வரை மிதி என்றான். ஏழெட்டு மிதியில் இறுகியது.

வலது பக்கத்தை எங்கே செய்வது என்று அவன் கேட்டான். வாசல் சீமெந்தில்தான், வேறெங்கே என்றாள் மர்ஷூதா.

சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் றோட்டைப் பார்க்கக் குந்தியிருந்தபோது, எதிர்வீட்டு றுகையா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "என்ன மர்ஷூதா, மாப்பிள்ளைய மெக்கானிக் ஆக்கிட்டீங்க?"

"அவர்ட ஊட்டுல அவர் வேல செய்யிறார், ராத்தா. உங்கட மருமகன் எழும்பிட்டாரா?"

றுகையாவின் தலை மதிலுக்குக் கீழே போனது. இன்ஷாப் சிரித்த சத்தம் காருக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

அஸருக்குக் கால்மணி இருக்கையில் வாடகை வீட்டு ஸிராஜ் கோல் எடுத்தார். இன்ஷாப்பின் கையெல்லாம் கறுப்பாக இருந்ததால் றிபாதான் போனை அவன் காதில் வைத்துப் பிடித்தாள்.

"ஓம், ஸிராஜ் நானா. இல்ல, வீடு வேணாம். வேற ஆளுக்குக் குடுங்க."

உள்ளே மர்ஷூதா தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும்.