டைகர் விழுந்தால் வேண்டாம்

எங்கள் மலை ஊரில் ஆட்டின் தலையில் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அது உடம்பை உதறினால் சாமிக்குச் சம்மதம், வெட்டலாம். தலை நனைந்தால் எந்த ஆடும் உதறத்தான் செய்யும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. இப்படிப்பட்ட ஊரில் ஒரு நாய்க்கு இதயத் துடிப்பு தாறுமாறாகப் போனால் என்ன செய்வார்கள்? சாமியாக்கிவிட்டார்கள்.

டைகர் எங்கள் வீட்டு நாய். அப்பா பேளுக்குறிச்சிச் சந்தையிலிருந்து கருவாட்டுப் பையோடு வந்து, "மொளகை இப்பவே குடுத்துரலாமா மச்சான்?" என்று பூசாரி காளியண்ணன் மாமாவிடம் கேட்ட நேரம், டைகர் பையைப் பார்த்துத் துள்ளிப் பாய்ந்து சுருண்டு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து வாலாட்டியது. அப்பா மிளகை விற்கவில்லை. விலை ஏறியது. அவ்வளவுதான், டைகர் விழுந்தால் சாமி 'வேண்டாம்' என்கிறது என்று ஆகிவிட்டது. மலையில் தள்ளியிருக்கும் வளப்பூர் நாட்டு ஊர்களிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து, அதன் முன்னால் கருவாட்டைப் படைத்துக் கேள்வி கேட்டார்கள்.

நான் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு ஊருக்கு வந்தபோது கூத்து இந்த நிலையில் இருந்தது. டைகரின் நெஞ்சில் காதையும் உள்தொடையில் விரலையும் வைத்தேன். மூச்சுக்கு ஏற்பத் துடிப்பு கூடிக் குறைவது நாய்க்கு இயல்பு. இது அதில்லை. நெஞ்சில் திடீரெனப் படபடவென்று துடித்தது. தொடை நாடிக்கு ஒரு துடிப்பும் வந்து சேரவில்லை.

"அப்பா, இதுக்கு இதயத்துல கோளாறு. ரொம்பக் குஷியானா துடிப்பு தப்பி மயங்குது. ஒருநா எந்திரிக்காமயே போயிரும். கீழ கொண்டுபோயி ஈசிஜி எடுக்கோணும்."

மாமா சிரித்தார். "ஏங் கண்ணு, சாமிக்கே ஊசியா? அது விழுகாமப் போயிட்டா வாக்கு ஆரு சொல்றது? நீ விழுவியா?"

"நீங்க விழுங்க மாமா. பொழுதெறங்குனா தெனமும் விழுகறதுதானே."

"பாப்பா!" என்று அதட்டினார் அப்பா. "வாய அடக்கு. சாமி ஒத்துக்கிட்டாத்தான் நாயி மலையெறங்கும்."

சரி, சாமியையே கேட்போம். மறுநாள் கோயில் முன்னால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு டைகர் எதிரே போய் நின்றேன்.

"இப்பவாச்சும் புத்தி வந்துச்சே. கேளு கண்ணு," என்றார் மாமா.

"சாமி, இந்த நாயி இனியும் மலைலயே இருக்கலாமா?"

கருவாட்டுக்குக் கை நீட்டினேன். டைகர் விழுந்து எழாமல் போனால் கொன்றவள் நான். எடுக்காவிட்டால் இவர்கள் கொல்வார்கள், மாலை போட்டு.

காட்டினேன். டைகர் குதித்தது. விழுந்தது.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நான் தொடையில் விரலை வைத்தேன். ஒன்றுமில்லை. எந்திரிடா நாயே. ஒன்றுமில்லை. பிறகு ஒரு துடிப்பு. இன்னொன்று. டைகர் கண்ணைத் திறந்து கருவாட்டைத் தேடியது.

மாமா முகம் சுண்டிவிட்டது. "கேள்வியத் தப்பாக் கேட்டுட்டா..."

"ஏனுங்க மச்சான்," என்றார் அப்பா, "மொளகுக்குச் சரியா இருந்த வாக்கு, இதுக்கு மட்டும் தப்பாப் போயிருமா?"

அவர்களே தூக்கி வந்து பஸ்ஸில் ஏற்றினார்கள், குங்குமம் வைத்து, மாலை போட்டு. மாமா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, சாமி எப்பத் திரும்பும்?" என்றார்.

"அதையும் அதுகிட்டயே கேட்டிருக்கலாமுங்களே மாமா."

மாலை டைகரின் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது. முதல் வளைவிலேயே அதை அறுத்து வெளியே எறிந்தேன். விரலுக்கு அடியில் துடிப்பு தப்பியது, வந்தது, மறுபடி தப்பியது. கையை எடுக்காமல் மலை இறங்கிக்கொண்டிருந்தேன்.