மேசையில் விழுந்த சீரகம்

1974 ஆகஸ்ட் பதினேழாம் தேதி, பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த சளிப் பரிசோதனைக் கூடத்தில், மைக்ராஸ்கோப்பின் மேல் லென்ஸ் வழியாகக் காசநோய்க் கிருமிகள் மேசைமேல் விழுந்தன. சீரகம் அளவு, சாயம் ஏறிய சிவப்பு. காரணம் அங்கே வேலை பார்த்த ஸ்டெல்லாமேரிக்குத் தெரியும். சளி தடவிய கண்ணாடிச் சில்லுக்கும் கீழ் லென்ஸுக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் விடவேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் சிதறிப்போகும். அந்த எண்ணெய் தீர்ந்து ஒரு வாரம். வீட்டில் இருந்த மாதா கோயில் மந்திரித்த எண்ணெயைக் கொண்டுவந்து விட்டாள். வழக்கமாகக் கீழ் லென்ஸ் கிருமியை நூறு மடங்காக்கிக் குழாய்க்குள் தலைகீழாக ஒரு படம் கட்டும்; மேல் லென்ஸ் அந்தப் படத்தையே பொருளாக எடுத்து இன்னும் பத்து மடங்காக்கிக் கண்ணுக்குக் காட்டும். இப்போது ஆயிரம் மடங்கும் கண்ணோடு நிற்காமல் வெளியே கொட்டியது. சில்லை இடப்பக்கம் நகர்த்தினால் வலப்பக்கம் விழுந்தது. எத்தனை துடைத்தும் எண்ணெய் போகவில்லை.

டாக்டர் தேவதாஸ் வந்து பார்த்தார். “எண்றது சுலபமாச்சு. ஆனா ரிப்போர்ட்ல கிருமி நிறையன்னா மூணு பிளஸ்னு போடும்மா, சீரகம்னு போட்டுடாத” என்றார்.

ஸ்டெல்லாமேரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மில்லில் தறி ஓட்டிய அவள் புருஷன் சகாயநாதன் ஆறு வாரமாக இருமிக்கொண்டிருந்தான். அவனுடைய சில்லு மட்டும் இருபது நாள் தட்டிலேயே கிடந்தது. கை கழுவுவாள், ஜன்னலுக்குப் போவாள், பிறத்தியார் சில்லை இரண்டாம் முறை பார்ப்பாள். கண்ணில் தெரிவதைக் கண்கோளாறு என்று சொல்லிக்கொள்ளலாம். மேசையில் விழுந்ததை என்னவென்று சொல்வது?

கடைசியில் அவனே வந்து நின்றான். “இன்னா மேரி, சீரகந்தானே? நாலு வந்தா ரசத்துல போட்டுடு.”

“வாய மூடிக்கினு அப்பால நில்லுய்யா.”

அவனுடைய சில்லை எடுத்து வைத்தாள். இரண்டு எவர்சில்வர் தட்டு நிறைந்தது. அவன் சிரிப்பை நிறுத்தினான்.

அன்றே முதல் ஊசி. பதினெட்டு மாதத்தில் மில்லை மூடினார்கள், திறந்தார்கள்; மாதாமாதம் விழுந்தது கைப்பிடியாகி, சிட்டிகையாகி, ஏழாகியது. எழுபத்தாறு பொங்கலுக்கு ஒன்றே ஒன்று விழுந்தது. இரண்டு தட்டுக்கு வராத பயம் அந்த ஒன்றுக்கு வந்தது.

மறுமாதம் அவன் சில்லை நூறு இடம் நகர்த்திப் பார்த்தாள்; ஒன்றும் விழவில்லை. மேல் லென்ஸுக்குக் கீழே உள்ளங்கையை நீட்டிக் காத்திருந்தாள். மறுபடி நூறு.

“எண்ணி முடிச்சிட்டியா?” என்றான் வாசலிலிருந்து.

“எண்றதுக்கு ஒண்ணுமில்ல. வேலைக்குப் போ.”

அவன் போன பிறகு கருவடிக்குப்பத்துக்காரர் ஒருவருடைய சில்லை வைத்தாள். சடசடவென்று விழுந்தது. தட்டைக் கிட்டே இழுத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினாள்.