இடது கை முதலில்

மஹ்பூபாவுக்கு ஒரு ஆளுக்குச் சட்டை போட்டுவிடத் தெரியவில்லை என்று சொன்னால் அதிராம்பட்டினத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். மூன்று பிள்ளைகளைக் குளிப்பாட்டி, பிஸ்மி சொல்லி, வலது கையை முதலில் நுழைத்துச் சட்டை மாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள். அந்த வலது கைதான் டெக்சாஸில் அவளைக் கவிழ்த்துவிட்டது.

கணவரோடு குடியேறிய இர்விங் என்ற ஊரின் கல்லூரியில் அவள் படித்தது நோயாளிகளைப் பராமரிக்கும் உதவியாளர் வேலைக்கான படிப்பு. ஆனால் வகுப்பில் ஆசிரியர்கள் இரண்டு பேர். கட்டிலருகே நின்று வேலையைக் காட்டுவது டெலோரஸ் என்ற நர்ஸ். அந்த வேலையைச் செய்யும்போது பேச வேண்டிய இங்கிலீஷைப் பலகையில் எழுதுவது வாரன் சார். நாடி பிடிக்கும்போதே கணக்கு, மருந்துச் சீட்டிலேயே வாசிப்பு. முன்பு வெறும் இங்கிலீஷ் வகுப்பு ஒன்றுக்குப் போய், பேனா மேஜை மேல் இருக்கிறது, மேஜைக்குக் கீழே இருக்கிறது என்று எழுதி எழுதிச் சலித்துப்போய்ப் பாதியில் நின்றுவிட்டவள் மஹ்பூபா. எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவளுக்கு, இங்கே ஒரு சொல்லைக் கற்றால் அன்றைக்கே அதைக் கையாள ஒரு வேலை இருந்தது. அது பிடித்துப்போயிற்று.

இர்விங்கிலேயே ஒரு முதியோர் இல்லத்தின் மேலாளர் அவளைப் பார்த்துப் பேசி, "சர்டிபிகேட்டோடு வாருங்கள், மாதக் கடைசி வரை இடம் வைத்திருக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். அதுவரை மஹ்பூபா தன்னைப் பற்றிச் சொல்ல நேர்ந்தபோதெல்லாம் "என் ஹஸ்பண்ட் கறிக்கடை வச்சிருக்காங்க" என்றுதான் ஆரம்பித்திருக்கிறாள். தன் பேரைச் சொல்லி, தன் வேலையைச் சொல்லி ஒரு தடவையாவது ஆரம்பிக்க வேண்டும் என்பது அவளுக்கு ஆசை என்றுகூடச் சொல்ல முடியாது, வைராக்கியம்.

செய்முறைத் தேர்வில், இடது பக்கம் பலவீனமான ஒரு நோயாளிக்குச் சட்டை போட்டுவிட வேண்டும். பலவீனமான கையைத்தான் முதலில் நுழைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோள் இழுபடும். மஹ்பூபாவுக்கு இது மனப்பாடம். ஆனாலும் சட்டையைக் கையில் எடுத்ததும் அவள் விரல்கள் தாமாகவே வலது பக்கம் போயின. முதல் தேர்வு அதோடு போயிற்று.

கூடவே தோற்றவள் புஷ்பவல்லி. கோயம்புத்தூர்க்காரி, வகுப்பில் இவளுக்கு ஒரே தமிழ்த்துணை. கை கழுவும் சோதனையில், சோப்புப் போடும்போது பழக்கத்தில் வெறும் கையால் குழாயை மூடிவிட்டாள். சோப்புப் போட்ட கை திரும்ப அழுக்காயிற்று.

"எங்கூர்ல தண்ணியத் தொறந்து உட்டுப்போட்டு சோப்பு போட்டா எங்கம்மா முதுகுல ஒண்ணு வெப்பாங்க. இந்த ஊர்ல மூடுனதுக்கு பெயிலாக்குறாங்களே அக்கா!" என்று ரயிலில் வரும்போது புலம்பினாள்.

இரண்டாவது தேர்வுக்காக மஹ்பூபா வீட்டிலேயே பழகத் தொடங்கினாள். நோயாளி, அவள் கணவர் ஹாஜா நஜ்முதீன்.

"கையைத் தூக்காதீங்க. உங்களுக்கு இடது பக்கம் விழுந்துபோச்சு."

"அஸ்தஃபிருல்லாஹ்! வாயில வேற நல்ல வார்த்தை வராதா உனக்கு?"

"சும்மா படுங்க. நீங்க பேஷண்ட்."

"பேஷண்டுன்னா ஒரு டீயாவது குடுப்பாங்க."

அவள் சட்டையை விரித்தாள். ஹாஜா வலது கையை நீட்டினார். அவளும் அதிலேயே மாட்டினாள். சோபாவில் சாய்ந்திருந்த இளைய மகள் ஆஸிபா தலையில் அடித்துக்கொண்டாள். "ஓ மை காட், போத் ஆஃப் யூ!"

ஹாஜா எழுந்து உட்கார்ந்தார். "நமக்கு வலதுதானே முதல்ல? அது எப்படித் தப்பாகும்?"

"நமக்கு நாம போட்டுக்கும்போது வலது. இது நோவுள்ளவங்களுக்கு. அவங்க தோள் வலிக்கக்கூடாதுல்ல?"

"நீ சொல்றது சரிதான். உன் கைக்கு யாரு சொல்றது?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். மஹ்பூபாவுக்கு அது மனதிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் வகுப்பில் வாரன் சார் அவளைச் சிறிது நேரம் கவனித்துவிட்டு டெலோரஸைக் கூப்பிட்டார். "பாருங்கள், இவர் முதலில் செய்கிறார், பிறகுதான் சொல்கிறார்" என்றார்.

உண்மைதான். இங்கிலீஷ் வாக்கியத்தை மனதுக்குள் கூட்டிச் சேர்க்க நேரம் பிடிக்கும். அதுவரை கை காத்திருக்காது. கை வேலையை முடித்த பிறகு வாய் மெதுவாக வந்து சேரும்.

டெலோரஸ் கட்டிலைத் தட்டிக் காட்டினார். "இங்கே படுத்திருப்பவருக்கு, தன் உடம்பை யார், எங்கே தொடப்போகிறார்கள் என்று முன்னாலேயே தெரிய வேண்டும். சொல்லிவிட்டுத் தொடு."

அன்றிலிருந்து மஹ்பூபா எல்லாவற்றையும் சொல்லிவிட்டே செய்தாள். வெங்காயத்தை வெட்டப்போகிறேன் என்று வெங்காயத்திடம் இங்கிலீஷில் சொன்னாள். கதவைத் திறக்கப்போகிறேன் என்று கதவிடம் சொன்னாள்.

"அக்கா, நீங்க தும்முறதுக்கு முன்னாடிகூட சொல்லிப்போட்டுத்தான் தும்முவீங்களாட்ட இருக்குது!" என்றாள் புஷ்பவல்லி.

"நீ குழாயை மூடாம இரு, அது போதும்."

தேர்வு நாள் வந்தது. ஒருவருக்கு மற்றவர் நோயாளியாகப் படுக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். புஷ்பவல்லி தண்ணீரைத் தாராளமாக ஓடவிட்டுக் கழுவி, காகிதத் துண்டால் குழாயை மூடி, கரையேறியிருந்தாள். இப்போது மஹ்பூபாவுக்காகக் கட்டிலில் படுத்தாள். தேர்வாளர் ஒரு வெள்ளைக்கார அம்மாள், முகத்தில் எதையும் காட்டாதவர்.

"மை நேம் இஸ் மஹ்பூபா. ஐ ஆம் யுவர் நர்ஸ் எய்டு."

இதுவரை தடுக்கவில்லை. திரையை இழுத்தாள், கையைக் கழுவினாள். சட்டையை எடுத்தாள். தேர்வாளரின் பேனா நகரும் சத்தம் காதில் விழுந்தது. அவ்வளவுதான், அடுத்த வாக்கியம் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. பார்த்தால், புஷ்பவல்லியின் வலது கை இவள் கையில் இருக்கிறது, சட்டையின் வலது பக்கம் விரல் நுனியில் சுருண்டிருக்கிறது.

புஷ்பவல்லி கூரையையே பார்த்தாள். உதட்டை அவள் கடித்துக்கொண்ட வேகத்தில் ரத்தம் வராதது ஆச்சரியம். ஒரு சின்னக் கனைப்புக் கனைத்தாலும் இரண்டு பேருக்கும் ஆபத்து.

அந்த அமைதிதான் மஹ்பூபாவுக்கு உறைத்தது. அறையில் யாரும் பேசவில்லை. அப்படியென்றால் தானும் பேசவில்லை. சொல்லாமலே தொட்டிருக்கிறோம்.

பிடித்த கையை மெல்லக் கட்டிலில் வைத்தாள். நிமிர்ந்தாள்.

"எக்ஸ்க்யூஸ் மீ. ஐ வான்ட் டு கரெக்ட் மை மிஸ்டேக்."

வேலை முடிவதற்குள் வாய்விட்டுச் சொல்லித் திருத்திக்கொண்டால் செல்லும் என்று டெலோரஸ் சொல்லியிருந்தார். தேர்வாளர் தலையசைத்தார். "கோ அஹெட்."

மஹ்பூபா புஷ்பவல்லியின் முகத்தைப் பார்த்து, அவசரப்படாமல் சொன்னாள்: "யுவர் லெஃப்ட் ஆர்ம் இஸ் வீக். ஸோ ஐ வில் ஸ்டார்ட் வித் யுவர் லெஃப்ட் ஆர்ம்."

சொல்லி முடித்ததும் கை இடது பக்கம் போயிற்று. யாரும் பிடித்து இழுக்கவில்லை. சொன்ன சொல்லுக்குப் பின்னால் சமத்தாகப் போயிற்று.

தேர்ச்சி என்று செய்தி வந்தபோது அவள் கறிக்கடையில் கணவருக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தாள். ஹாஜா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வரிசையில் நின்ற அத்தனை பேரிடமும் சொன்னார். ஒருவர் ஆட்டுக்கறி கேட்டார், அவருக்கு இரண்டு தடவை சொன்னார்.

"இனிமே நான் நெஜமாவே விழுந்தாலும் கவலையில்ல, என்ன?"

"அஸ்தஃபிருல்லாஹ்! வாயில வேற நல்ல வார்த்தை வராதா உங்களுக்கு?"

கடை முழுக்கச் சிரித்தது.

வேலைக்குப் போகும் முதல் நாள் காலை, நீல நிறச் சீருடை கட்டில் மேல் விரித்திருந்தது. ஆஸிபா பெயர் அட்டையோடு வாசலில் நின்றாள். அதில் மஹ்பூபா என்ற பெயரும், அதற்குக் கீழே அவள் வேலையும் அச்சாகியிருந்தன.

"லெஃப்ட் ஆர்ம் ஃபர்ஸ்ட், உம்மா?" என்று மகள் கண் சிமிட்டினாள்.

"அது அவங்களுக்கு."

மஹ்பூபா பிஸ்மி சொல்லி, வலது கையை முதலில் நுழைத்துச் சீருடையைப் போட்டுக்கொண்டாள். பிறகு பெயர் அட்டையை வாங்கி, எல்லாரும் படிக்கும்படி நேராகக் குத்திக்கொண்டாள்.