உயிருள்ள மறைப்பு

“சட்டம்னா எல்லாருக்கும் பொதுதானே அக்கா, உனக்குன்னு தனியா நான்—”

“எல்லாருக்குமா? நம்ம தெருவுல பட்டறைன்னு இருக்கிறது என்னோடது ஒண்ணுதான்டா. அந்த எல்லாரும் நான் ஒருத்திதானா?”

“சொல்றதை முழுசாக் கேளேன். குடியிருப்புத் தெருவுல தொழில் நடத்துறவங்க—”

“அப்பா அங்க பட்டறை போட்டப்ப குடியிருந்தது நாமளும் தெருநாயும்தான். இரும்பு ஆங்கிள் அடுக்கு மேல சாக்கை விரிச்சுத் தூங்கினவன் நீ. இப்ப அது உனக்குக் குடியிருப்புத் தெருவாயிடுச்சா?”

“மெதுவாப் பேசு. இது ஆபீஸ்.”

ஆபீஸ்தான், சந்தேகமில்லை. நகரசபையின் திட்டப் பிரிவு. ஊழியர்கள் ஆளுக்கொரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணைக் கோப்பிலும் காதை இந்தப் பக்கமும் வைத்திருந்தார்கள். திட்ட அலுவலரின் அக்கா இரும்புத்தூள் படிந்த புடவையோடு வந்து சண்டை போடுவது அந்தப் பிரிவில் தினமும் கிடைக்கிற காட்சியா என்ன? ஒருவர் எழுந்துபோய் மின்விசிறியை அணைத்துவிட்டு வந்தார், சத்தம் இடைஞ்சலாக இருந்ததால்.

விஷயம் இதுதான். ஊரை அழகுபடுத்துவது என்று நகரசபை முடிவு செய்திருந்தது. ஊரில் சாக்கடை இருந்தது, குப்பைமேடு இருந்தது, பாதி கட்டி நின்ற பாலம் இருந்தது. இவற்றையெல்லாம் பார்த்துப் பார்த்து நகரசபைக்குக் கண் பழகிப் போயிருந்தது. பழகாமல் உறுத்தியது பட்டறைகள்தான். ஆகவே திட்ட அலுவலர் ஒரு விதி எழுதினார். வீடுகள் உள்ள தெருவில் பட்டறை வைத்திருப்பவர் தெருவோரம் முழுக்கச் செடிகளால் ஒரு மறைப்பு எழுப்ப வேண்டும். எல்லாப் பருவத்திலும் பச்சையாக இருக்க வேண்டும். இலை உதிரக்கூடாது. மறைப்புக்குப் பின்னால் ஒருவர் வெள்ளை அட்டையைப் பிடித்து நின்றால் இந்தப் பக்கம் வெள்ளை தெரியக்கூடாது. உயரம் இரண்டாள். உரிமம் புதுப்பிக்கிற தேதிக்குள் இது எழும்பவில்லை என்றால் பட்டறைக்குப் பூட்டு.

ஊருக்கெல்லாம் கேட்டும் கிரில்லும் செய்து கொடுப்பவள் அவள். மறைப்புதானே, தகடு அடித்து ஒரே நாளில் நிறுத்திவிடுகிறேன் என்றாள். தம்பி மறுத்துத் தலையை ஆட்டினான். இரும்பு கூடாதாம். உயிருள்ள மறைப்பாக இருக்க வேண்டுமாம்.

“ஆள் உயரம்னாலும் ஒரு அர்த்தம் இருக்கு. அது என்னடா ரெண்டாள் உயரம்? தெருவுல ஒருத்தன் தோள்மேல ஒருத்தன் ஏறிக்கிட்டா போறான்?”

“அது கணக்குப் போட்டு வந்த உயரம் அக்கா” என்றான் தம்பி, கணக்கைச் சொல்லாமல்.

அவள் அதோடு எழுந்துவிட்டாள். தம்பிமேல் அவளுக்கு வருத்தம் இருந்ததே தவிரச் சந்தேகம் இல்லை. பட்டறைக்கு நேர் எதிரே மாடி வீடு கட்டிக்கொண்டு வந்தவன் அவன். அக்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கத்தான் வந்திருக்கிறான் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்குக் கேட்டும் அவள் கையால் செய்ததுதான், கரும்பச்சை எனாமல் பெயிண்ட் அடித்து. காலையில் அவன் மாடி முகப்பில் தேநீரோடு நின்றால், பட்டறை முற்றத்தில் இவள் வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டு, “டேய் தம்பி, தூங்கினியா?” என்று ஒரு குரல் கொடுப்பாள். அவனும் கையை ஆட்டுவான். ஒரு தடவைதான் ஆட்டவில்லை. நகரசபை ஆணையர் அவன் வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்த அன்று அவள் குரல் கொடுத்தபோது, அவன் சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டான். இரும்பு தேய்க்கிற கிரைண்டர் சத்தத்தில் காதில் விழுந்திருக்காது என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தன் தம்பிக்கு வேண்டிய சமாதானத்தை அவளே செய்துவிடுவாள். அவனுக்கு எப்போதும் ரெடிமேடாகக் கிடைத்துவிடும்.

நாற்றுத் தோட்டக்காரருக்கு ஊரில் ‘தழைச்சிடும்’ என்று பெயர். எதைக் கேட்டாலும் தழைச்சிடும் என்பார். இரண்டாள் உயரம் வருமா என்றால் தழைச்சிடும். வெயிலில் காயாதா என்றால் தழைச்சிடும். அவர் கொண்டுவந்து இறக்கிய செடிகள் நோயில் கிடந்து எழுந்தவர்கள் மாதிரி ஒல்லியாக, உயரமாக, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு நின்றன.

சாய்ந்து நிற்பது என்றாலே அந்தப் பட்டறைக்கு ஆகாது. அவளும் சரி, அவளிடம் வேலை பார்க்கும் வெல்டரும் சரி, மட்டப்பலகையை வைத்துப் பார்க்காமல் ஒரு கொக்கியைக்கூட மாட்டமாட்டார்கள். வெல்டரைக் ‘கண்ணாடி’ என்பார்கள். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டபடியே சாப்பிடுவார், கடைக்குப் போவார், துக்கம் விசாரிக்கவும் போவார்.

“இப்படி ஆடுறதை எப்படிம்மா வெளியில நிறுத்துறது? நம்ம பேர் என்ன ஆகும்?” என்றார் கண்ணாடி.

நியாயமான கவலை. இரண்டு பேருமாக ஆங்கிளில் ஒரு சட்டம் செய்து தரையில் ஊன்றினார்கள். செடிகளை அதில் நிறுத்தி, கிரில்லில் கம்பி வைப்பதுபோல் சம இடைவெளியில், கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டினார்கள். மட்டம் பார்த்தார்கள். ஊரில் எந்தச் செடியும் அவ்வளவு நேராக நின்றதில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் துருவுக்குப் பிரைமர் அடிக்காத இரும்பை மழையில் நிறுத்துவது என்பது அந்த வீட்டில் பச்சைக் குழந்தையைச் சட்டையில்லாமல் தெருவில் விடுவதற்குச் சமம். அப்பா காலத்துப் பழக்கம். ஆகவே செடி கட்டி முடித்த சட்டத்துக்கு, ஸ்ப்ரே கன்னை எடுத்து, தின்னர் கலந்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்தாள். சட்டம் என்னவோ பிரமாதமாக இருந்தது. தின்னர் பட்ட இலைகள் அந்த வாரத்திலேயே சுருண்டு, பழுப்பாகி, காகிதம்போலச் சலசலக்கத் தொடங்கின.

தழைச்சிடும் வந்து பார்த்தார். ஒரு இலையைத் தொட்டார். தொட்ட இலை அவர் கையோடு வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் எதுவும் சொல்லாமல் போனார்.

வேறு செடி வைத்து வளர்க்க நாள் இல்லை. ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று சேதி வந்துவிட்டது. அவள் முற்றத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, செய்து முடித்து வாங்க ஆள் வராத கேட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டு விழுந்தால் இந்தக் கேட்டுகளே உள்ளே, அவள் வெளியே. பக்கத்தில் நின்ற கண்ணாடி தொண்டையைச் செருமினார்.

“உங்க தம்பி வீட்டுக்கு அடிச்ச பச்சை கொஞ்சம் மீதி இருக்கும்மா.”

“அதுக்கு?”

“ஒண்ணுமில்ல. இருக்குன்னு சொன்னேன்.”

இதற்குமேல் அங்கே பேச்சு நடக்கவில்லை. ஸ்ப்ரே கன்னின் கம்ப்ரஸர்தான் ஓடியது. இலை இலையாக, மேலும் கீழும், முன்னும் பின்னும். முதல் கோட் காய்வதற்குள் இரண்டாவது கோட். குறை சொல்லக்கூடாது, விதி என்னென்ன கேட்டதோ அத்தனையும் அந்த எனாமலில் கிடைத்தது. எந்தப் பருவத்திலும் பச்சை. வெயிலுக்கு வெளுக்காது, மழைக்குக் கரையாது. இலை உதிரும் என்ற பேச்சுக்கே இடமில்லை, கிளையோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. உயிர் ஒன்றுதான் குறை. அதற்கு ஸ்ப்ரே கன்னில் வழியில்லை.

பசுமை ஆய்வாளர் ஒரு இளம்பெண். பாவம், தன் வேலையை உண்மையாகவே நம்புகிறவள். இறங்கியதும் அப்படியே நின்றுவிட்டாள்.

“இவ்வளவு பச்சையா நான் எங்கயுமே பார்த்ததில்லைம்மா.”

“நாங்களும்தான் மேடம்” என்றார் கண்ணாடி.

ஆய்வாளர் டேப்பை நீட்டினாள், உயரம் பார்த்தாள், அகலம் பார்த்தாள். இலைகளில் என்ன ஒரு பளபளப்பு, என்ன உரம் போடுகிறீர்கள் என்று கேட்டாள். பெயிண்ட் வாடை மூக்கைத் துளைத்தது. கேட் பட்டறையில் பெயிண்ட் வாடை வராமல் மல்லிகை வாடையா வரும்? இலையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி விதியில் எங்கும் இல்லை. இல்லாததை அவள் செய்கிறவள் இல்லை. கண்ணாடி கையில் வெள்ளை அட்டையைக் கொடுத்து, மறைப்புக்குப் பின்னால் போய் நின்று உயரப் பிடிக்கச் சொன்னாள். பிறகு, “வாங்கம்மா, எதிர் வீட்டு மாடிக்குப் போகணும்” என்றாள்.

“அங்க எதுக்கு?”

“விதி அப்படித்தான்.”

தம்பி வீட்டில்தான் இருந்தான். தம்பி மனைவி, “வாங்க அண்ணி, எங்க இந்தப் பக்கம்?” என்றாள், அண்ணி ஏதோ கடல் தாண்டி வந்ததுபோல. எதிர்சாரியிலிருந்து எதிர்சாரிக்கு வருவதற்கு அழைப்பு வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் வந்தும் நாளாகியிருந்தது. நான்கு பேரும் மாடி முகப்பில் வந்து நின்றார்கள்.

அங்கிருந்து பார்த்தால் பட்டறையே இல்லை. அப்பா நட்ட கூரைக்கால் இல்லை, வெட்டும் மெஷின் இல்லை, ஸ்டூல் இல்லை. தெருவின் அந்தப் பக்கம் முழுக்கப் பச்சைச் சுவர். அட்டையைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் கண்ணாடி நிற்கிறார் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

“சரியா வந்திருக்கு” என்றாள் ஆய்வாளர், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து. “எதிர்ல முதல் மாடியில நிக்கிறவங்க கண்மட்டத்துக்கும் உள்ள எதுவும் தெரியக்கூடாது. அதை வெச்சுதான் ரெண்டாள் உயரம்னு கணக்கு. ஊர்ல மத்த பட்டறைக்கு எதிர்லயெல்லாம் மாடியே இல்ல சார். இந்த ஒரு இடத்துக்குத்தான் இது பொருந்துது. எழுதினவங்க ரொம்ப நுணுக்கமா யோசிச்சிருக்காங்க.”

எழுதினவர் தேநீர்க் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் கைப்பிடி எந்தப் பக்கம் என்று தெரியாதவர்போல.

அக்காவுக்கு முதலில் எதுவும் உறைக்கவில்லை. கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் கிடந்த பிரம்பு நாற்காலியைப் பார்த்தாள். ஆணையர் உட்கார்ந்திருந்த நாற்காலி. அதிலிருந்து பார்த்தால் முன்பு நேராகத் தெரிந்திருக்கக்கூடியது முற்றம். முற்றத்தில் முகமூடியைத் தூக்கிவிட்டுக் கத்துகிற ஒருத்தி. அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அன்றைக்குக் கிரைண்டர் ஓடவேயில்லை. காலையிலிருந்து கரண்ட் இல்லாமல், வேலை இல்லாமல்தான் அவள் மாடியைப் பார்த்து நின்றிருந்தாள், தம்பியைக் கூப்பிட்டபடி.

“எதிர் வீட்டுக்காரர்ங்கிற முறையில உங்களுக்கு ஆட்சேபணை ஏதாவது இருக்கா சார்? இருந்தா நான் இலையெல்லாம் வெட்டி எடுத்துட்டுப் போய் ஆய்வுக்கு அனுப்பணும். அது ஒரு நடைமுறை.”

தம்பி எதிரே பார்த்தான். பிறகு குனிந்து கீழே தன் வீட்டுக் கேட்டைப் பார்த்தான். மறுபடி எதிரே பார்த்தான். அந்தப் பட்டறையின் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் வளர்ந்தவன், வேறெதை மறந்தாலும் அந்தப் பச்சையை மறப்பானா? ஒரு வார்த்தை அவன் சொன்னால் போதும், பட்டறைக்குப் பூட்டு. அவளும் அந்த வார்த்தைக்காகத்தான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் சற்று முன்பு வரை அவளுக்கு இருந்த பயம் இப்போது ஏனோ இல்லை.

“உங்க கேட்டும் அதே நிறம் சார்” என்றாள் ஆய்வாளர், சந்தோஷமாக. “என்ன ஒரு பொருத்தம்.”

“ஆட்சேபணை இல்லை” என்றான் தம்பி.

ஆய்வாளர் கைகுலுக்கினாள். இதை மற்ற ஊர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டப் போவதாகச் சொன்னாள், படம் எடுத்துக்கொண்டாள், போனாள். தம்பி மனைவி அவளை வழியனுப்ப இறங்கினாள். அண்ணிக்குத் தேநீர் தருவதா வேண்டாமா என்ற சங்கடமும் அதோடு தீர்ந்தது.

இரண்டு பேரும் நின்றார்கள். தம்பிதான் வாயைத் திறந்தான்.

“முதல் கோட் காயறதுக்குள்ள ரெண்டாவது அடிச்சிருக்கே. ஓரத்துல வடிஞ்சிருக்கு பாரு.”

பட்டறைக்குப் பூட்டு விழாததற்கு அவனுக்கு நன்றி சொல்வதா, அல்லது அந்த மறைப்பு எதற்கு வேண்டி வந்தது என்று கேட்பதா? இரண்டும் வேண்டாம் என்று அக்கா படியிறங்கினாள். தான் செய்த கேட்டைத் தானே திறந்து, தானே சாத்தினாள். கொக்கி கச்சிதமாக விழுந்தது. தெருவைக் கடந்தாள். மறைப்புக்குப் பின்னால் கண்ணாடி இன்னும் அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். இறக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவர் கையிலிருந்து அட்டையை வாங்கிக்கொண்டு, போய்ச் சாப்பிடச் சொன்னாள்.

கிரைண்டர் ஓடவில்லை. கம்ப்ரஸரும் அணைந்திருந்தது. தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை. பெயிண்ட் அடித்த இலைகள் காற்றுக்கு அசையாமல் நின்றன. இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். அவளுக்கும் அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. வெள்ளை அட்டையைத் தலைக்குமேல் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தினமும் காலையில் கொடுக்கிற அதே குரலைக் கொடுத்தாள்.

“டேய் தம்பி, அங்கேருந்து பார்த்தா நான் தெரியறேனா?”