கிள்ளுகிற குழாய்

குளியலறைக்குள்ளிருந்து நாத்தனார் போட்ட அலறலில் கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டார்கள். தையல்காரரின் மனைவி எழுந்து ஓடினாள். நாத்தனார் சுவரோடு ஒட்டி நின்று, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"குழாயத் தொட்டேன் அண்ணி. தூக்கி அடிச்சிருச்சு!"

"செருப்பு போடலையா?"

கேட்ட பிறகுதான் அது எப்பேர்ப்பட்ட கேள்வி என்று அவளுக்கே உறைத்தது. அந்தக் குழாயில் கரண்ட் கிள்ளும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, புறங்கையால் தட்டித் திறக்க வேண்டும். யார் அந்தப் பக்கம் போனாலும் அவள் கணவர் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "செருப்பு!" என்று குரல் கொடுப்பார். குரல் கொடுக்கிறவர் இப்போது கூடத்தில் வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தார். விடியற்காலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

மகன் மெயின் சுவிட்சை இறக்கினான். கூடத்து மின்விசிறி மெல்ல நின்றது. ஐயோ, அவருக்கு வியர்வையே ஆகாதே என்று அவள் பதறினாள். இனி அவருக்கு வியர்க்காது என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

தெருமுனைக் கடையிலிருந்து எலக்ட்ரீஷியன் வந்தார். பரணுக்கு அடியில், இருட்டு மூலையில் இருந்த பெட்டியைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்தார்.

"யாரு செஞ்சது?"

"அப்பாதான்," என்றான் மகன். "வெளியாளக் கூப்பிட்டா அவருக்குக் கௌரவக் குறைச்சல்."

உள்ளே வயர்களெல்லாம் நிறம் நிறமாகப் பிரித்து, சட்டைக்கை மடிப்பது போல மடித்து, நூலால் நெருக்கித் தைத்துக் கட்டியிருந்தன. ஒவ்வொரு இணைப்பின் மேலும் டேப்புக்குப் பதிலாக இரண்டு சுற்றுத் துணி.

"பாக்க அழகாத்தான் இருக்கு. ஆனா ஹீட்டருக்கு லைட் வயரப் போட்டிருக்காரு. சூட்டுல தோல் உருகிப் போச்சு. எர்த்து வயர வேற தண்ணிக் குழாய்ல கட்டியிருக்காரு, அதான் குழாய்ல கரண்ட் அடிக்குது. பல்பு மாத்துறது யார் வேணா செய்யலாம். பெட்டியத் திறந்து லைன் இழுக்கறதுக்கு ஆளக் கூப்பிட வேணாமா? இந்த வீட்ல இதுவரைக்கும் ஒரு உசுரு போகாதது..."

இருக்கும் இடம் நினைவுக்கு வர, அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஹீட்டர் லைன மட்டும் இப்ப வெட்டிடறேன். மத்ததெல்லாம் அப்புறம் பிரிச்சுக்கலாம்."

"இன்னைக்கு வேணாம் தம்பி," என்றாள் அவள். "அவர் வீட்ல இருக்கும்போதே அவர் செஞ்சத வெட்டணுமா?"

"வெட்டாம மெயினப் போட மாட்டேன்மா. போட்டா, அடுத்து யார் குழாயத் தொடுவாங்களோ தெரியாது."

அவள் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். நின்றுபோன விசிறிக்குக் கீழே யாரோ செய்தித்தாளால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

"வெட்டுங்க," என்றாள்.

மகன் செல்போன் வெளிச்சத்தைக் காட்டினான். அது எலக்ட்ரீஷியனின் கை நிழலை வயர்கள் மேலேயே போட்டது. "தள்ளுடா," என்று சொல்லிவிட்டு அவள் டார்ச்சை எடுத்து வந்து இடப்பக்கம் நின்றாள். வெளிச்சம் சரியாக விரல் நுனியில் போய் உட்கார்ந்தது.

"நல்லாப் பிடிக்கிறீங்களேம்மா."

"பழக்கம்."

இந்த வீட்டு வயர் ஒவ்வொன்றும் அவள் பிடித்த வெளிச்சத்தில் கணவர் இழுத்ததுதான். கொஞ்சம் அசந்தால் போதும், "என் மூஞ்சியவா ரிப்பேர் பண்றேன்? வயர் மேல காட்டுடி!" என்று எரிந்து விழுவார். ஆளை வெளியிலிருந்து கூப்பிட்டுத் தொலைய வேண்டியதுதானே என்று அவளும் பதிலுக்குக் கத்துவாள். அந்தத் திட்டு இந்த நிமிடமே வேண்டும்போல் இருந்தது. வேறு எதுவும் வேண்டாம், அது ஒன்று போதும்.

எலக்ட்ரீஷியனின் கட்டர் முதல் தையலை வெட்டியது. அவள் டார்ச்சைக் கொஞ்சம் சாய்த்தாள். வெளிச்சம் வயரை விட்டு விலகி அவர் முகத்தில் விழுந்தது.

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தார். "பரவாயில்லம்மா, மெதுவாப் பிடிங்க," என்றார்.

அவள் வெளிச்சத்தை மறுபடி வயர் மேல் கொண்டுவந்தாள்.