பட்டியலில் இல்லாத கதவு

1.

இது ஒரு கடிதமாக இருக்க வேண்டியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

க்ளிஃபர்ட் ஹெய்க் இனி எங்கே வாழ விரும்புகிறார் என்பதை அவருடைய மகள் ரோஸ்லினுக்கு வெள்ளிக்கிழமைக்குள் நான் தெரிவிக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். நேற்று உட்கார்ந்தேன். தேதி போட்டேன். 'அன்புள்ள ரோஸ்லின்' என்று எழுதினேன். இன்று வியாழன். கடிதம் அந்த இரண்டு சொல்லோடு நிற்கிறது. பக்கத்தில் இது வளர்ந்துகொண்டிருக்கிறது.

எங்கள் ஊரான ஓட்லியின் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றபோது, ஒரு விஷயத்துக்கு ஒரு பத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் என்று பழக்கியிருந்தார்கள். அறுபது வருஷமாக அப்படித்தான் எழுதுகிறேன். மேலே உள்ள எண்ணுக்குக் காரணம் அவ்வளவுதான். உத்தி என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

2.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

'மார்ச் மாதம் ஒரு காலையில், ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தபோது, க்ளிஃபர்ட் தன் சொற்களை இழந்தார்.' உண்மைதான். ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் அவரைப் பாவம் என்பீர்கள். அந்தச் சொல்லை அவர் பொறுக்க மாட்டார்.

'அவருடைய இல்க்லிக்கும் என்னுடைய ஓட்லிக்கும் நடுவில் ஆறு மைல். அந்த ஆறு மைலுக்கு நாங்கள் முப்பத்தெட்டு வருஷம் கடிதம்—' வேண்டாம். இது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

'இரண்டு கட்சிகள் இருந்தன.' இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு கட்சிகள் இருந்தன. எண்பதுகளில் வீட்டுத் தொலைக்காட்சியில் செருகிக்கொள்ளும் சின்னக் கம்ப்யூட்டர்கள் வந்த காலம். படமே இல்லாத சாகச விளையாட்டுகள் அதில் உண்டு. 'நீங்கள் ஒரு குகை வாசலில் நிற்கிறீர்கள்' என்று திரையில் எழுத்து வரும். அதற்குப் பிறகு என்ன என்பதில்தான் சண்டை. தட்டச்சுக் கட்சியின் விளையாட்டில் '>' என்று ஒரு வெற்றுக் குறி மட்டும் மின்னும். என்ன செய்வது என்று நீங்களே தட்ட வேண்டும். 'விளக்கை எடு.' 'வடக்கே போ.' இரண்டு சொல். தெரியாத சொல்லைத் தட்டினால், 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்லிவிட்டு மறுபடி மின்னும். பட்டியல் கட்சியின் விளையாட்டில் வழிகளை எழுதியே வைத்திருப்பார்கள்: ஒன்று, குகைக்குள் போ, இரண்டு, திரும்பிப் போ. எண்ணை அழுத்தினால் போதும்.

க்ளிஃபர்ட் தட்டச்சுக் கட்சி. நான் பட்டியல் கட்சி. இருவரும் சந்தித்துக்கொண்டது ஒரு சின்னப் பத்திரிகையின் வாசகர் கடிதப் பக்கத்தில். 'திருமதி கார்சைட் அவர்களுக்கு ஓட்டலில் உணவுப் பட்டியல் கொடுத்தால் சுதந்திரம் கிடைத்துவிட்டதாக நினைப்பார்' என்று அவர் எழுதினார். நான் செல்வி என்பதை முதல் பத்தியிலும், அவர் ஓட்டல் சமையலறைக்குள் புகுந்து 'உருளைக்கிழங்கை எடு' என்று கத்துகிறவர் என்பதை இரண்டாம் பத்தியிலும் பதிலாக எழுதினேன்.

3.

அந்தக் காலத்தைப் பற்றி ஒரு பத்தி மட்டும் அனுமதியுங்கள். (இரண்டாகும்.)

செவ்வாய், வியாழன் மாலைகளில் ஆறிலிருந்து எட்டு வரை என் வீட்டுத் தொலைபேசி சும்மா இருக்காது. விளையாட்டில் மாட்டிக்கொண்டவர்கள், பத்திரிகையில் என் எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டு வழி கேட்பார்கள். "மிஸ் கார்சைட், டிராகன் என்னத் தின்னுட்டே இருக்கு, ஏதாச்சும் செய்யுங்க" என்று ஹல் ஊர் மீன் வியாபாரி ஒருவர் கெஞ்சுவார். கூப்பிட முடியாதவர்கள் தபால்தலை ஒட்டிய உறையைச் சேர்த்து அனுப்புவார்கள். பழைய சுவர்க்காகிதத்தின் பின்பக்கம் வரைபடம் போட்டுத் தரையில் விரித்து, குகைகளுக்கு நடுவில் முழந்தாளிட்டுக் கிடப்பேன். வடக்கு மேலே, கிழக்கு வலப்பக்கம். எங்கள் ஆட்கள் கடைக்கு வழி கேட்டாலும் திசை சொல்லித்தான் கேட்பார்கள்.

க்ளிஃபர்ட் ஒரு பஸ் கம்பெனியில் கால அட்டவணை போடுகிறவர். மனைவி இறந்திருந்தார். 1986-இல் 'மடைக்காரர் வீடு' என்று சொந்தமாக ஒரு விளையாட்டு எழுதினார். அதைச் சோதித்துப் பார்க்க, இத்தனை சண்டைக்குப் பிறகும், என்னைத்தான் கேட்டார். விளையாட்டைப் பதிந்த கேசட்டைத் தபாலில் அனுப்பினால் கெட்டுவிடும் என்று சொல்லி நேரில் கொண்டுவருவார். நான்கு முறை வந்தார். பத்து வயது ரோஸ்லின் சிப்ஸ் பொட்டலத்தோடு பின்னால் வருவாள். அப்போது பஸ் நிறுத்தம் அந்தப் பக்கம் என்பதால் பின் சந்து வழியாக வருவார்கள். நான் அடுப்படியில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருக்கும்போதே தோட்டத்தில் நிற்பார்கள். அவர்கள் போன பிறகு நான்—

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. இப்படியே இருக்கட்டும்.

4.

'மடைக்காரர் வீடு' தொடங்குவது ஒரு தோட்டச் சுவருக்கு வெளியே. சுவரில் பச்சைக் கதவு. அந்தக் கதவில் நான் மூன்று வாரம் மாட்டிக்கொண்டேன். தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"க்ளிஃபர்ட், மூணு வாரமா உங்க கதவுக்கு வெளியிலேயே நிக்கிறேன். கால் கடுக்குது."

"என்னென்ன பண்ணிப் பாத்தீங்க?"

"திறந்தேன். தட்டினேன். இழுத்தேன், இழுத்தேன், இழுத்துக்கிட்டே இருந்தேன். கடைசியா திட்டினேன். அது ஒண்ணுதான் அதுக்குப் புரிஞ்சுது. 'நாகரிகமாகப் பேசவும்'னு சொல்லுது."

அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "தள்ளிப் பாத்தீங்களா?"

தள்ளவில்லை.*

"தள்ளணும்னு எனக்கு எப்படித் தெரியும்? கீழ நாலு வழி எழுதிப் போட்டிருந்தா குடியா முழுகிடும்?"

"ஏன் தெல்மா, உலகத்துல எந்தக் கதவாவது நாலு வழிய எழுதி மாட்டிக்கிட்டு நிக்குதா?"

"கதவு சொல்லாது. வீட்டுக்காரங்களுக்கு மனசிருந்தா சொல்லுவாங்க."

"வீட்டுக்காரங்க அவங்களுக்குத் தெரிஞ்ச வழியத்தானே சொல்லுவாங்க" என்றார். "வர்றவனுக்கு வேற வழி இருக்கும்."

பிடிவாதக்காரர் என்று நினைத்து ரிசீவரை வைத்தேன்.

* சோதிக்கிறவர் தட்டிய ஒவ்வொரு வரியையும் அச்செடுத்து, விளையாட்டை எழுதியவருக்கு அனுப்புவது வழக்கம். அந்தப் பதிவின் நகல் என்னிடம் இருக்கிறது. 'கதவை இழு' பதினொரு முறை. 'கதவைத் தள்ளு' ஒரு முறைகூட இல்லை.

5.

இந்த வருஷம் மார்ச்சில் க்ளிஃபர்ட்டுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் போயின. நாம் பேசுவது அவருக்கு முழுக்கப் புரிகிறது. பதில்தான் வருவதில்லை. நெடுநேரம் முயன்றால் ஒரு சொல், சில நாள் இரண்டு. பேச்சுப் பயிற்சி தருகிற பெண் ஓர் அட்டை கொடுத்தாள்: தேநீர்க் கோப்பை, கழிப்பறை, போர்வை, வலிக்கிற முகம். வேண்டியதை விரலால் தொட்டால் போதும். க்ளிஃபர்ட் இடது கையால் அந்த அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

"ரொம்பக் கோவக்காரரு" என்றாள் அவள்.

"இல்ல, வேற கட்சி" என்றேன்.

ஆனால் உண்மையை எழுதுவதென்றால், எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன வெற்றிக் களிப்பு இருந்தது. கடைசியில் மனிதனைக் காப்பாற்றுவது பட்டியல்தானே என்று. இந்த வரியை இரண்டு முறை எழுதி அடித்தேன். மூன்றாம் முறை எழுதிவிட்டேன்.

ரோஸ்லின் இங்கிலாந்தின் தென்கோடியில், பிளிமத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள்.

(முதல் பிரதியில் அவளைக் கல்நெஞ்சுக்காரியாக எழுதியிருந்தேன். கதைக்கு வசதி. ஆனால் அவள் தொலைபேசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினாள். அந்தப் பிரதியைக் கிழித்துவிட்டேன்.)

"ஆன்ட்டி, எங்க ஊர் முதியோர் இல்லத்துல ஒரு இடம் வந்திருக்கு. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் வச்சிருப்பாங்களாம். அப்பாவக் கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. நான் கேட்டா அழுதுடுறேன் வேற. நீங்க கேளுங்களேன். உங்ககிட்டதான் அவரு ஒழுங்கா சண்ட போடுவாரு."

6.

செவ்வாய்க்கிழமை இல்க்லிக்கு, அவர் வீட்டுக்குப் போனேன். தடித்த அட்டையில், பெரிய எழுத்தில், சுத்தமாக எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

1. பிளிமத், மகள் பக்கத்தில் முதியோர் இல்லம்.
2. இதே வீடு, பகலில் வந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள்.
3. இல்க்லியிலேயே ஓர் இல்லம்.

என் வாழ்நாளில் எழுதிய பட்டியல்களில் இதுதான் நியாயமானது என்று பெருமை. அவர் முன் வைத்தேன்.

"பாருங்க க்ளிஃபர்ட். எண்ணத் தொட்டாப் போதும். நான் ஜெயிச்சேன்னு சொல்ல மாட்டேன்."

அவர் மூன்று வரியையும் படித்தார். கீழே நான்காவது இருக்கிறதா என்று பார்ப்பதுபோல அட்டையின் அடியில் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கவிழ்த்தார்.

"கதவு" என்றார்.

காத்திருந்தேன்.

"தள்ளு."

எழுந்து போய் அறைக்கதவைத் தள்ளிச் சாத்தினேன். தலையை ஆட்டினார். திறந்தேன். மறுபடி ஆட்டினார். "கதவு. தள்ளு." நெற்றி வியர்த்திருந்தது.

"எனக்குப் புரியல க்ளிஃபர்ட்" என்றேன்.

அவர் சிரித்தார். பாதி வாயால், தோள் குலுங்க. நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் அவர் எழுதிய விளையாட்டு என்னிடம் சொன்ன அதே வரி.

நல்ல விளையாட்டு அதோடு விட்டுவிடாது, திருப்பிக் கேட்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "எந்தக் கதவு?"

"பச்ச."

அந்த வீட்டில் பச்சைக் கதவே இல்லை. "எங்க இருக்கு?"

இதற்கு நீண்ட நேரம் பிடித்தது. சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியில் ஒரு தாள் கிழியும் நேரம் என்று எழுதலாம், பொய். நான்கு நிமிஷம்.

"கிழக்கே."

"கிழக்கே என்ன? ஆஸ்பத்திரியா?"

"இல்ல." கண்ணை மூடிக்கொண்டார். களைத்துவிட்டார். நான் அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

7.

அடுத்தது நான் கற்பனை செய்ததுபோல் இருக்கும். என்ன செய்வது, முன்தெருவில் குழாய் போடத் தோண்டியிருந்தார்கள். ஓட்டுநர் எங்களைப் பழைய பின் சந்து நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்.

நாற்பத்தைந்து வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன். போக வர முன்வாசல். தோட்டத்துச் சுவர்க் கதவை உள்ளேயிருந்துதான் திறப்பேன், குப்பைத் தொட்டியை வெளியே வைக்க. வெளியே நின்று அதைத் திறந்ததாக நினைவே இல்லை. தாழ்ப்பாளைத் தூக்கி இழுத்தேன். அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்தேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. பதிவு எடுக்க ஆள் இல்லை.

பிறகு தள்ளினேன். தோளைக் கொடுத்து ஓர் இடி. திறந்துகொண்டது.

உள்ளே போய்க் கோட்டைக் கழற்றியபோது தோளில் வண்ணச் செதில் ஒட்டியிருந்தது. 1991-இல் நான் அடித்த நீலம். புரட்டினால், அடியில் பச்சை.

இல்க்லியிலிருந்து ஓட்லி கிழக்கே இருக்கிறது.

8.

முடிவுகள்.

(அ) 'அன்புள்ள ரோஸ்லின், உன் அப்பா என் வீட்டுக்கு வர விரும்புகிறார். கீழ்த்தளத்தில் அறை இருக்கிறது.'

(ஆ) ஒரு கோப்பைத் தேநீருக்கு வர நினைத்தார், அவ்வளவுதான். இரண்டு சொல்லை நான் நாற்பது வருஷ நீளத்துக்கு இழுக்கிறேன். பிளிமத்தே சரி. எனக்கு எழுபத்தொன்று. அவரைத் தூக்கி உட்கார வைக்க என் முதுகு கேட்காது.

(இ) எதுவும் எழுதாமல் வெள்ளிக்கிழமை கடந்துபோக விடுவது. இது எனக்குக் கைவந்த முடிவு. ஏற்கெனவே பல முறை தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

பார்த்தீர்களா, மறுபடி பட்டியல். அன்றைக்கு எழுதிக்கொண்டு போன அட்டையில் உலகத்தில் இருக்கிற எல்லா வீட்டையும் யோசித்தேன், நான் உட்கார்ந்து எழுதிய வீட்டைத் தவிர. மேலே உள்ள மூன்று முடிவுகளையும் அடித்துவிட்டேன். எழுத்து தெரியும்படிதான் அடித்தேன்.

இன்று காலை ரோஸ்லினைக் கூப்பிட்டேன்.

"அப்பா என்ன சொன்னாரு ஆன்ட்டி?"

"ராத்திரியே கிளம்பி வந்து, நாளைக்குக் காலையில அவர இங்க கூட்டிட்டு வா. பின் சந்துக்கு."

"பின் சந்துக்கா? கார் நுழையாதே."

"சக்கர நாற்காலி நுழையும்."

"அங்க ஒரு கதவு இருக்குமே" என்றாள். "அப்பா தோளக் குடுத்து ஒரு இடி இடிப்பாரு. நான் சிப்ஸக் கொட்டிடுவேன். 'மெதுவா, அவங்களுக்குக் கேக்கும்'னு என்னத் திட்டுவாரு." மூக்கை உறிஞ்சினாள். "இப்ப அவரால முடியாதே ஆன்ட்டி."

"தெரியும்."

"பின்ன ஏன் அங்க?"

இங்கே மழை பிடிக்கும்போல் இருக்கிறது, குடை எடுத்துக்கொள் என்றேன்.

9.

ரோஸ்லினுக்கு எழுதிய கடிதத்தில் தேதியை மட்டும் நாளைக்கு மாற்றியிருக்கிறேன். மீதி உங்களிடம். க்ளிஃபர்ட்டுக்கு மரியாதையாக, கீழே பட்டியல் போடவில்லை. நீங்களே தட்டுங்கள். இரண்டு சொல் போதும். ஆனால் எங்கே நிற்கிறீர்கள் என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

*நீங்கள் உங்கள் தோட்டத்தில் நிற்கிறீர்கள். அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கிறது. சுவரில் ஒரு நீலக் கதவு. சாத்தியிருக்கிறது. அதன் மறுபக்கம் ஒரு சக்கர நாற்காலி வந்து நிற்கும் சத்தம் கேட்கிறது.*

>