ஒரு நூல்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. யாரும் குனிந்து பார்க்காத ஒரு பூவையும், அதற்காக மூச்சை அடக்கியவர்களையும் பற்றிச் சொல்கிறேன்.

"அதைத் தொடாதீங்க!"

தையல்காரர் உள்ளேயிருந்து ஓடிவந்தார். நாற்காலி போட வந்தவர், சுவரோரம் நின்ற கேமரா ஸ்டாண்டிலிருந்து கையை எடுத்தார்.

கூடத்தில் தையல்காரரின் மனைவியைக் கிடத்தியிருந்தார்கள். விடிந்ததும் காபி கேட்டவள், டம்ளர் வருவதற்குள் போய்விட்டாள்.

முப்பது வருடம் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்தவள். காட்டுப்பூ ஒவ்வொன்றையும் இரண்டு படம் எடுப்பாள். நம் கண்ணுக்கு ஒன்று. நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியில், தேனீக்கு ஒன்று. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பழைய கேமராவைப் பிரித்து, கெடுத்து, மறுபடி பிரித்துத் தானே கற்றாள்.

சுவர் வெடிப்பில் நிற்கும் மஞ்சள் பூவுக்கு நேற்று நம் படம் மட்டும்தான் ஆனது. அதற்குள் மேகம். "நாளைக்கு எடுத்துக்கலாம். ஸ்டாண்டை அசைச்சுடாதீங்க" என்று கேமராவுக்குப் பை போட்டு மூடினாள். இரண்டு நாள் பூ அது. இன்று மத்தியானம் உதிர்ந்துவிடும்.

இப்போது வெயில் சுள்ளென்று அடித்தது.

தையல்காரர் பையை உருவினார். அவர் ஒருநாளும் பொத்தானை அழுத்தியதில்லை. குடை பிடித்துக் காற்றை மறைப்பதும், அவள் "மூச்சு" என்றதும் மூச்சை அடக்குவதும்தான் அவர் வேலை.

மச்சினன் கையைப் பிடித்தான். "மாமா, அக்கா உள்ள கிடக்கறா. வந்தவங்க என்ன நினைப்பாங்க?"

"நினைச்சுட்டுப் போறாங்க மாப்ளே. பூ காத்திருக்காது."

புற ஊதாவை மட்டும் உள்ளே விடும் கறுப்புக் கண்ணாடியை லென்ஸில் திருகினார்.

"ஐயா, மூடியைக் கழட்டலையே" என்றார் நாற்காலிக்காரர்.

"மூடி இல்லப்பா. தேனீயோட மூக்குக்கண்ணாடி."

அவள் எல்லோரிடமும் சொல்லும் பதில். சொல்லிவிட்டு இருமினார்.

கறுப்புக் கண்ணாடி வழியே எதுவும் தெரியாது. புற ஊதாவில் படம் தெளிவாக விழ, முதல் படத்துக்கு வைத்த இடத்திலிருந்து லென்ஸ் வளையத்தை ஒரு நூல் திருப்ப வேண்டும். முன்பொருமுறை அவரைத் திருப்பச் சொன்னாள். தையல்காரருக்கு ஒரு நூல் என்றால் அரைக்கால் அங்குலம். படம் சோப்புத் தண்ணீராய்க் கலங்கியது. "நான் சொன்னது ஊசியில கோக்கற நூலுங்க!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மறுநாளே வளையத்தின் குறுக்கே சிவப்பு நூல் ஒன்றை ஒட்டிக் கொடுத்தார். நூலின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு வந்தால் போதும்.

திருப்பினார். காற்று வந்தது, பூ ஆடியது. அவருக்கு இரண்டே கை.

மச்சினன் குடையை எடுத்தான். "எந்தப் பக்கம் புடிக்கணும்?"

"காத்து வர்ற பக்கம். நான் சொன்னா மூச்சு விடக்கூடாது."

"நான் மூச்சு விட்டா பூ பறந்துடுமா?"

"இதையேதான் நானும் உங்கக்காகிட்ட கேட்டேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

வெயிலைப் பார்த்தார். "மூச்சு."

பொத்தானை அழுத்தி எட்டு எண்ணினார். வாசலில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்தினார்கள்.

திரையில் மஞ்சளே இல்லை. இதழெல்லாம் வெளிறி, நடுவில் மட்டும், இங்கே இறங்கு என்று தேனீக்கு வரைந்து வைத்ததுபோல் ஒரு கரிய வட்டம். ஒரு நூல் பிசகவில்லை.

கேமராவைக் கழற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியே மச்சினன் குடையை மடக்காமல், பூவுக்குப் பிடித்தபடியே நின்றான்.

உங்கள் வீட்டிலும் காற்று வரும் பக்கம் குடை பிடிக்க ஓர் ஆள் என்றும் குறையாதிருக்கட்டும், கண்ணுகளா.